முதலில் கேள்வி, பிறகு சாவி





நான் ஒரு கார் மெக்கானிக். பெங்களூரு அல்சூரில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். உங்கள் படிப்பு மையத்தில் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ஆனால் எஞ்சினோடு பேசிப் பழக்கம் உண்டு. அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

இங்கே வந்திருப்பவர்களில் பலர் டாக்சி ஓட்டுகிறீர்கள். சிலர் சரக்கு வண்டி ஓட்டுகிறீர்கள். சகோதரிகள் சிலர் கார் ஓட்டப் பழகுகிறீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று நின்று போகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் பயணி கடிகாரத்தைப் பார்க்கிறார். நமக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அப்போது என்ன செய்வது? இதுதான் இன்றைய பேச்சு.

நான் மூன்று பொருள்கள் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, கேஸ் அடுப்பு பற்ற வைக்கும் லைட்டர். இரண்டு, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு. மூன்று, ஒரு சின்ன நோட்டு. இவை எதற்கு என்று போகப் போகத் தெரியும்.

ஒரு தம்பியின் கதை

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி. பெங்களூரில் டாக்சி ஓட்டுகிறார். கார் கடனில் வாங்கியது. மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும்.

ஒரு நாள் மதியம் அவருடைய கார் ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்று போனது. எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது!

ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே கருவி வைத்துச் சோதித்தார்கள். ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் ஏதோ எழுதியிருந்தது. தம்பிக்கு அப்போது படிக்கத் தெரியாது. "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்க வெட்கம். சீட்டை மடித்துக் காருக்குள் வைத்துவிட்டார்.

வண்டி மறுபடி நின்றது. வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனார். அவர் பேட்டரியை மாற்றினார். மறுபடி நின்றது. இன்னொருவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். பிறகு இக்னிஷன் காயிலையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தம்பிதான் ஜே.சி. ரோட்டுக்கு ஓடினார். பணம் கொடுத்துப் பொருள் வாங்கி வந்தார். வண்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டு மாதத் தவணை நின்று போனது. மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

கோளாறு என்ன? பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்றை யோசியுங்கள். இரண்டு பேர் மூன்று பொருளை மாற்றினார்கள். ஒருவராவது, "தம்பி, வண்டி எப்போது நிற்கிறது?" என்று கேட்டார்களா?

நின்றவுடன் என்ன செய்வது?

கோளாறு பிறகு. உயிர் முதலில்.

ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துப் போகும். பயப்பட வேண்டாம். இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக் மிதியும் கடினமாகும். எஞ்சின் ஓடும்போதுதான் பிரேக்குக்கு முழு உதவி கிடைக்கும். நின்ற பிறகு ஓரிரு மிதிக்குத்தான் அந்த உதவி மிச்சம் இருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக, பலமாக மிதியுங்கள்.

வண்டி உருளும்போது சாவியை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இடது ஓரம் ஒதுக்குங்கள். நான்கு மூலையிலும் மின்னும் விளக்கைப் போடுங்கள். சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். பயணிகளைச் சாலை ஓரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 எண்ணுக்குப் போன் செய்யலாம். எந்த ஆபத்துக்கும் 112.

பெட்ரோல் வாசனை வருகிறதா? அப்படியானால் சாவியைத் தொடவே கூடாது. பீடி, தீக்குச்சி கூடாது. எல்லோரும் விலகி நிற்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கோளாறைப் பார்க்க வேண்டும்.

அடுப்பும் எஞ்சினும்

அடுப்பு எரிய என்ன வேண்டும்? கேஸ் வேண்டும். காற்று வேண்டும். லைட்டரின் பொறி வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அடுப்பு எரியாது. சோறு வேகாது.

பெட்ரோல் எஞ்சினும் இப்படித்தான். உள்ளே சிலிண்டர் இருக்கிறது. அதில் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. முதலில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அவற்றை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. கலவை எரிகிறது. அந்த வேகம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் புகை வெளியே போகிறது.

இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, விடுவது. இந்த நான்கும்தான் எஞ்சின். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1000 தடவை பொறி விட வேண்டும். சரியான நேரத்தில் விட வேண்டும்.

ஸ்பார்க் பிளக் என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது. மைக்கோ என்ற கம்பெனி 1951-ல் தொடங்கியது. பெங்களூரு ஆடுகோடியில் அதன் தொழிற்சாலை இருந்தது. பிளக்கும் டீசல் பம்ப்பும் செய்தார்கள். 2008-ல் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறியது. ஆனால் மைக்கோ லேஅவுட் என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

ஆகவே எஞ்சின் நின்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெட்ரோல் வருகிறதா? காற்று வருகிறதா? பொறி வருகிறதா?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை மிக பலமாக அழுத்தினால் காற்று சூடாகும். அந்தச் சூட்டிலேயே டீசல் எரியும். அங்கே டீசலும் காற்றும் அழுத்தமும்தான் கேள்வி. டேங்க் காலியாகும் வரை டீசல் வண்டியை ஓட்டாதீர்கள். குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது. காற்றை வெளியேற்ற வேண்டும்.

காரைப் பழுது பார்த்த ஒரு தாய்

ஜெர்மனி நாட்டில் கார்ல் பென்ஸ் என்பவர் இருந்தார். பெட்ரோலில் ஓடும் காருக்கு 1886-ல் உரிமை பெற்றார். ஆனால் மக்கள் அதை நம்பவில்லை. "குதிரை இல்லாத வண்டி எவ்வளவு தூரம் ஓடும்?" என்று சந்தேகப்பட்டார்கள்.

அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டு மாதம் அவர் ஒரு காரியம் செய்தார். கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு காரில் கிளம்பினார். மன்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த போர்ஸ்ஹைம் நகருக்குப் போனார். தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல்.

வழியில் கார் மக்கர் செய்தது. எரிபொருள் போகும் குழாயில் அடைப்பு. பெர்த்தா தன் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். அடைப்பைக் குத்தி நீக்கினார். இன்னொரு இடத்தில் பொறி விடும் கம்பியின் மேலுறை தேய்ந்திருந்தது. காலுறையைக் கட்டும் பட்டியை எடுத்து அதன் மேல் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார்.

கவனித்தீர்களா? ஒரு கோளாறு எரிபொருளில். இன்னொரு கோளாறு பொறியில். அந்த அம்மா மெக்கானிக் படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் எது வரவில்லை என்று பார்த்தார். வராததை வரவைத்தார். 

காதைத் தீட்டுங்கள்

இனி நம் வண்டிக்கு வருவோம். சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள். எஞ்சின் சத்தத்தில் பேசும்.

முதல் வகை: சத்தமே இல்லை. அல்லது 'டிக் டிக்' என்று மட்டும் வருகிறது. செல்ஃப் சுற்றவில்லை. அப்போது முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கிப் போகிறதா? பேட்டரியில் சக்தி இல்லை. அல்லது பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறது. விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிகிறதா? அப்படியானால் செல்ஃப், ரிலே, அல்லது அவற்றுக்குப் போகும் ஒயரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். வண்டி நிற்பதற்கு முன்னால், ஓடும்போதே பேட்டரிப் படம் சிவப்பாக எரிந்ததா? அப்படியானால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அதற்குச் சக்தி கொடுக்கும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. அல்லது அதன் பெல்ட் அறுந்துவிட்டது. புதுப் பேட்டரி போட்டாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும்.

இரண்டாவது வகை: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. இப்போதுதான் பெட்ரோல், காற்று, பொறி என்ற கேள்வி வருகிறது.

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். டேங்க் காலியாகி நின்ற வண்டியை என் பட்டறைக்கு இழுத்து வந்தவர்கள் உண்டு. முள் பொய் சொல்வதும் உண்டு.

பிறகு கண்ணாடிகளை மூடுங்கள். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பல பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கம் 'ம்ம்ம்' என்று இரண்டு விநாடி சத்தம் கேட்கும். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பின் சத்தம் அது. தினமும் கேட்கும் சத்தம் இன்று கேட்கவில்லை என்றால், பம்ப் ஓடவில்லை. உடனே புதுப் பம்ப் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் எண் இருக்கும். 15 இருந்த இடத்தில் 15-தான் போட வேண்டும். கம்பியை முறுக்கிச் சொருகக் கூடாது. வண்டி தீப்பிடிக்கும். புதிய ஃபியூஸும் உடனே போய்விட்டால், மேலே முயல வேண்டாம். எங்கோ ஒயர் உரசுகிறது.

பொறியை நீங்கள் சோதிக்க வேண்டாம். பிளக்குக்குப் போகும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மூன்றாவது வகை: செல்ஃப் மிக லேசாக, தையல் மிஷின் போல 'விர்' என்று சுற்றுகிறது. உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். நிறுத்திவிடுங்கள். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம். சின்னச் செலவு பெரிய செலவாகும்.

எந்த வகையானாலும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் சூடாகும். இருக்கிற பேட்டரியும் இறங்கிவிடும்.

படங்களும் எழுத்துகளே

நீங்கள் எழுத்துக் கற்றவர்கள். டாஷ்போர்டில் எரியும் படங்களும் எழுத்துகள்தான். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி.

எண்ணெய்க் குப்பி போன்ற படம் ஓடும்போது சிவப்பாக எரிந்தால், உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆயில் போதிய அழுத்தத்தில் போகவில்லை என்று பொருள். சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலும் நிறுத்த வேண்டும். அப்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறும் வரை பொறுத்திருங்கள்.

சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னுகிறதா? வண்டிக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை. இது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியை வைத்துப் பாருங்கள்.

சூடு சொல்லும் சேதி

முன்பு ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். "எங்க அப்பா அம்பாசடர் கார் ஓட்டினார். கோடையில் வண்டி நிற்கும். பானெட்டைத் திறந்து ஈரத் துணி போடுவார். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். அது என்ன மந்திரம்?"

மந்திரம் இல்லை, அக்கா. அந்தக் காரில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பக்கத்தில் இருந்தது. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் குழாயில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. ஈரத் துணி போட்டால் ஆவி குளிரும். மறுபடி பெட்ரோலாக மாறும். வண்டி கிளம்பும்.

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுகிறது. அதனால் அந்தத் தொல்லை அரிது. ஆனால் உங்கள் அப்பா ஒரு நல்ல பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டி, நமக்கு ஒரு துப்புக் கொடுக்கிறது.

நோட்டு பேசியது

இப்போது அந்தத் தம்பியிடம் வருவோம்.

அவர் என்னிடம் வந்தபோது இரவு வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்கள் நன்றாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளும் பழகிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எதை மாத்தணும்னு சொல்லுங்க. எப்படியாவது வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

"எதையும் மாத்த வேண்டாம், தம்பி. ஒரு நோட்டு வாங்கு. பத்து நாள் எழுது. வண்டி நின்னா, எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரம் ஓடின பிறகு நின்னது, எவ்வளவு நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு, எல்லாத்தையும் எழுது" என்றேன்.

"என் எழுத்து கோணலா இருக்குமே, அண்ணே" என்று தயங்கினார்.

"கோடு கோணலா இருந்தாலும் ஊர் போய்ச் சேரலாம். எழுது" என்றேன்.

பத்து நாள் கழித்து நோட்டோடு வந்தார். நான்கு வரிகள் எழுதியிருந்தார். நான்கு தடவையும் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகே நின்றிருந்தது. நான்கும் பகல் நேரம். காலையில் ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி ஆறிய பிறகு ஓடியிருந்தது. கடைசியில் இன்னும் ஒரு வரி: "செல்ஃப் நல்லா சுத்துது. சுத்து காட்டும் முள் எழும்பல."

அந்தக் கடைசி வரிதான் பெரிய வரி. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. கிராங்க் சென்சார் என்பார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது சொன்னால்தான் கம்ப்யூட்டர் பொறியையும் பெட்ரோலையும் கொடுக்கும். சில சென்சார்கள் பழசானால் சூட்டில் ஊமையாகிவிடும். ஆறினால் மறுபடி பேசும். சென்சார் ஊமையானால், எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பல கார்களில் அந்த முள்ளும் எழும்பாது.

இது சந்தேகம்தான். சோதிக்க வேண்டும். வண்டியை ஓட்டிச் சூடாக்கினோம். நின்றது. சென்சார் மேல் மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டோம். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. அதற்குப் போகும் ஒயரையும் பார்த்தோம். நன்றாக இருந்தது. சென்சாரை மாற்றினோம். அதன் விலை, அவர் வாங்கிய பேட்டரியின் விலையில் கால் பங்குகூட இல்லை.

அப்போது தம்பிக்கு அந்தப் பழைய சீட்டு நினைவு வந்தது. எடுத்து விரித்தார். இந்த முறை அவரே படித்தார். "பி... சுழி... மூன்று... மூன்று... ஐந்து."

பி-0335. கிராங்க் சென்சார் வழியில் கோளாறு என்பதற்கான குறி அது. முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அது அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டிருக்கலாம், அண்ணே" என்றார்.

நண்பர்களே, குறி மட்டுமே கோளாறு ஆகிவிடாது. சென்சார் கெட்டாலும் அந்தக் குறி வரும். ஒயர் அறுந்தாலும் வரும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அது காட்டும். ஆகவே பட்டறையில் கருவி வைத்துப் பார்த்தால் கேளுங்கள். "என்ன குறி வந்தது? எழுதிக் கொடுங்கள். எதற்காக இந்தப் பொருளை மாற்றுகிறீர்கள்?" கேட்பது உங்கள் உரிமை. தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் கம்மலை அடகு வைப்பதில்தான் கஷ்டம் இருக்கிறது.

தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதே

இதுவரை, வண்டி நின்றால் சாவியைத் திருப்பிச் சத்தத்தைக் கேளுங்கள் என்று சொன்னேன். பெட்ரோல் வாசனை வந்தால் மட்டுமல்ல, இன்னோர் இடத்திலும் அதைச் செய்யக் கூடாது. அதுதான் தேங்கிய தண்ணீர்.

இந்தச் சிரிஞ்சைப் பாருங்கள். உள்ளே காற்று இருக்கிறது. முனையை விரலால் மூடுகிறேன். அழுத்துகிறேன். தண்டு உள்ளே போகிறது. இப்போது தண்ணீரை நிரப்பி, முனையை மூடி அழுத்துகிறேன். அசையவில்லை. யாராவது வந்து அழுத்திப் பாருங்கள். முடியாது.

காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. எஞ்சின் காற்றை இழுக்கும் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் மேலே வந்து முட்டிக்கொள்ளும். அப்போது நாம் செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் எஞ்சினே உடையும்.

நான் படித்துச் சொல்லவில்லை. செய்து தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது 19 வயது. பட்டறையில் உதவியாளன். மழையில் ஒரு டீசல் கார் ரயில் பாலத்தின் கீழே தண்ணீரில் நின்றுவிட்டது. என்னை அனுப்பினார்கள். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசை. தள்ளி வெளியே கொண்டு வந்தவுடன் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ராடு வளைந்தது. அந்தக் காரை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. எஞ்சின் வேலை முடியும் வரை அவருக்கு வருமானம் இல்லை. என்னை அவர் திட்டவில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது. அன்று முதல் நான் முதலில் கேள்வி கேட்கிறேன். பிறகுதான் சாவியைத் தொடுகிறேன்.

2022 செப்டம்பர் மாதம் பெங்களூரில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் ரோடு எல்லாம் வெள்ளம். மக்கள் டிராக்டரில் வேலைக்குப் போனார்கள். எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. விலை உயர்ந்த காரும் மூழ்கியது. தவணைக் காரும் மூழ்கியது.

2023 மே 21 அன்று நடந்தது அதைவிடக் கொடுமை. கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. அதில் ஒரு வாடகைக் கார் சிக்கியது. அந்தக் காரில் வந்த ஓர் இளம் பெண் உயிரிழந்தார். மற்றவர்களைக் காப்பாற்றினார்கள்.

ஆகவே கேளுங்கள். தரை தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். முன்னால் போனவர் தப்பித்தார் என்று நீங்களும் இறங்காதீர்கள். பயணி அவசரப்படுத்தினாலும், "வேண்டாம், சுற்றிப் போகலாம்" என்று சொல்லுங்கள்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் ஏறுகிறதா? உடனே பெல்ட்டைக் கழற்றுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். தண்ணீர் ஏறிய பிறகு கதவைத் திறப்பது கடினம். கண்ணாடியை இறக்கும் மோட்டாரும் நின்று போகலாம். எல்லோரையும் வெளியேற்றி மேட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். வண்டி போனால் போகட்டும். உயிர் போனால் திரும்பாது.

பிறகு வண்டியை இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலைப் பார்த்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ் காகிதத்தையும் வீட்டில் எடுத்துப் படியுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று உண்டு. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா? புரியாவிட்டால் மையத்துக்குக் கொண்டு வந்து, ஆசிரியரோடு சேர்ந்து படியுங்கள்.

நினைவில் வைப்போம்

வண்டி நின்றால் முதலில் ஓரம் ஒதுங்குவோம்.

பெட்ரோல் வாசனை வந்தால் விலகி நிற்போம்.

செல்ஃப் சுற்றுகிறதா என்று காதால் கேட்போம்.

பெட்ரோல், காற்று, பொறி, இவற்றில் எது வரவில்லை என்று கேட்போம்.

எப்போது நின்றது, எப்படி நின்றது என்று நோட்டில் எழுதுவோம்.

காரணம் தெரியாமல் பொருளை மாற்ற மாட்டோம்.

தண்ணீரில் நின்றால் சாவியைத் தொட மாட்டோம்.

நண்பர்களே, அந்தத் தம்பி இன்றும் டாக்சி ஓட்டுகிறார். கம்மல் அடகுக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. காரில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஆயில் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், எல்லாம் அதில் எழுதுகிறார். எழுத்து இப்போது கோணலாக இல்லை.

நான் கொண்டு வந்த நோட்டை உங்கள் மையத்துக்கே கொடுத்துவிட்டுப் போகிறேன். முதல் பக்கத்தில் யார் எழுதப் போகிறீர்கள்?